சுவர் பேச வேண்டுமா?

முந்திரித் தோப்புகள் சூழ்ந்த வரதராஜன்பேட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் விஞ்ஞானக் கண்காட்சி. அரியலூர் மாவட்டம் அல்லவா? ஒரு மேசையில் கடற்சிப்பிப் பாறைகள், இன்னொரு மேசையில் சிமெண்டு உண்டாகும் விதம், மற்றொன்றில் எரிமலை. மூலையில் இருந்த சுவரில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் மூவர் ஒரு சுவரொட்டி வைத்திருந்தார்கள். "பாம்புக்கடியும் முதலுதவியும்" என்பது தலைப்பு. அழகான முத்து எழுத்து. எண்ணிப் பார்த்தேன், 23 வரிகள். நடுவில் ஒரு படம்: ஒருவர் காலில் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பேரனைப் பார்க்க வந்த ஓர் ஆயா அந்தப் படத்தின் முன் நின்றார். "ஏன் தம்பி, கட்டணுமா, கட்டக் கூடாதா?"

"கட்டக் கூடாது ஆயா. கீழே எழுதியிருக்கேனே, பாருங்க."

"எழுதியிருக்கே சரி. கண்ணு தெரியணுமே! படத்துல கட்டியில்ல இருக்கு."

மாணவன் குனிந்து பார்த்தான். படத்துக்குக் கீழே, கடுகளவு எழுத்தில், "இது தவறான முறை" என்று இருந்தது.

மாணவ நண்பர்களே, அந்த மூவரும் சொன்ன விஷயத்தில் ஒரு பிழையும் இல்லை. டாக்டர் ஒருவர் படித்தால் பாராட்டியிருப்பார். ஆனால் அந்தச் சுவரொட்டியை நம்பி ஆயா வீடு திரும்பினால், மறுநாள் தோப்பில் யாரையாவது பாம்பு தீண்டும்போது கயிறு தேடுவார்! சரியான செய்தியைத் தவறாகக் கொண்டு சேர்ப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இது விளையாட்டு விஷயமும் அல்ல. 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. அவர்களில் கால் பங்குக்கு மேற்பட்டவர்கள் 15 வயது நிரம்பாதவர்கள், அதாவது உங்கள் வயதினரும் உங்கள் தம்பி தங்கைகளும். தமிழ்நாட்டில் பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோயாக 2024 நவம்பரில் அறிவித்தார்கள். மருந்து இருக்கிறது; அது இருக்கும் இடத்துக்கு ஆள் உரிய நேரத்தில் போய்ச் சேர்வதில்தான் சிக்கல். சுவரொட்டிக்கு வேலை அங்கேதான்.

ஆகவே கண்காட்சி முடிந்த பிறகு அந்த மூவரோடு தரையில் உட்கார்ந்து, அதே சுவரொட்டியை மறுபடி செய்தோம். அதன் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கண்ணுக்கு எவ்வளவு தெரியும்?

முதலில் ஒரு கணக்கு. ஒரு பாகையை 60 பங்காக்கினால் வரும் ஒரு பங்குக்குக் கலை என்று பெயர். 2 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு நாணயத்தை ஏறத்தாழ 70 மீட்டர் தூரத்தில் வைத்தால், அது நம் கண்ணில் உண்டாக்கும் கோணம் ஒரு கலை. நல்ல பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி சுமாராக இதுதான். இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள சந்து ஒரு கலையைவிடக் குறைந்தால் இரண்டும் ஒரே கோடாகத் தோன்றும்.

கண் டாக்டரின் அறையில் மேலே பெரிய எழுத்தும் கீழே வரவரச் சிறிய எழுத்துமாக ஒரு அட்டை தொங்குமே, அதை 1862-இல் ஹாலந்து நாட்டு டாக்டர் ஸ்நெல்லன் இந்தக் கணக்கை வைத்துத்தான் அமைத்தார். ஆங்கில 'ஈ' எழுத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று கறுப்புக் கோடுகள். அவற்றுக்கு நடுவே இரண்டு வெள்ளைச் சந்துகள். ஒவ்வொன்றும் ஒரு கலை. மொத்த எழுத்தின் உயரம் 5 கலை. 6 மீட்டர் தூரத்தில் 5 கலை என்பது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அதாவது, குறையற்ற கண்ணுள்ளவர், நல்ல வெளிச்சத்தில், நின்று, உற்றுப் பார்த்தால் 6 மீட்டரிலிருந்து படிக்கக்கூடிய மிகச் சிறிய எழுத்து 9 மி.மீ.

சுவரொட்டியை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. வெயிலில் கண் கூச நடந்துகொண்டே பார்க்கிறார்கள். கண்ணாடி போடவேண்டியவர்கள் பாதிப்பேர் போடாமல் பார்க்கிறார்கள். ஆகவே இந்த எல்லையைப் போல மூன்றரை மடங்காவது வைத்துக்கொள்ளவேண்டும். எளிதாக நினைவில் வைக்க ஒரு வழி: தூரத்தை 200-ஆல் வகுங்கள். 3 மீட்டரிலிருந்து படிக்க ஒன்றரை செ.மீ., 6 மீட்டருக்கு 3 செ.மீ., 10 மீட்டருக்கு 5 செ.மீ.

நம் தமிழ் எழுத்துக்கு இதுவும் கொஞ்சம் சிக்கனம்தான். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு இல்லாத தொல்லைகள் நமக்கு உண்டு. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண என்று சிறு வகுப்பில் படித்தோம். கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், சுழிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 'கி'க்கும் 'கீ'க்கும் உள்ள வேறுபாடு கொம்பின் நுனியில் உள்ள ஒரு சிறு சுழிப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால் மறைவது புள்ளி. புள்ளியைக் கூர்மையான பேனாவால் தொட்டு வைப்பதே பலருடைய வழக்கம். எழுத்தின் கோடு எவ்வளவு பருமனோ, புள்ளியும் அவ்வளவு பருமன் இருக்கவேண்டும். சுழிகளுக்கு உள்ளே நன்றாக வெளிச்சம் தெரியவேண்டும். இந்த இரண்டையும் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது.

கடைகளில் கிடைக்கும் சார்ட் பேப்பர் ஏறத்தாழ 56 செ.மீ. அகலம், 71 செ.மீ. உயரம். ஓரங்களில் இடம் விட்டு, 3 செ.மீ. எழுத்தில், வரிக்கு வரி 5 செ.மீ. வைத்தால் முழுத்தாளிலும் 12 வரிதான் கொள்ளும். ஒரு வரிக்கு 12 அல்லது 13 எழுத்து, அதாவது இரண்டு சொல். பாதித் தாளைப் படத்துக்குக் கொடுத்து, தலைப்பை இரட்டை உயரத்தில் எழுதினால் மிஞ்சுவது நான்கு வரி. 23 வரிக்கு இடமே இல்லை! சுருக்கி எழுதுங்கள் என்று ஆசிரியர் சொல்வது வெறும் அழகுக்காக அல்ல, கண்ணின் கணக்கு அப்படி.

நேரத்தின் கணக்கும் அதையேதான் சொல்கிறது. நடந்து போகிறவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1.4 மீட்டர். உங்கள் எழுத்து 6 மீட்டரில் தெரிய ஆரம்பித்தால் அவர் அதைக் கடந்து போக நான்கு நொடி ஆகும். நொடிக்கு இரண்டு சொல் வீதம் எட்டுச் சொல். சைக்கிளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு ஒன்றரை நொடிதான், மூன்று சொல். பள்ளிப் பாடத்தில் வேகக் கணக்கு எதற்கென்று கேட்பவர்களுக்கு இதோ ஒரு பயன்.

ஆனால் எல்லாச் சுவரும் ஒன்றல்ல. பஸ் நிறுத்தத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் தேநீர்க் கடை பெஞ்சிலும் மக்களுக்குப் பத்து நிமிடம் பொழுது இருக்கிறது. அங்கே இன்னும் கொஞ்சம் எழுதலாம். சாலை ஓரச் சுவருக்கு எட்டுச் சொல்தான். எங்கே ஒட்டப்போகிறோம் என்று தெரியாமல் எழுத உட்காருவது, காலளவு தெரியாமல் செருப்பு தைப்பது போல.

ஆயிரம் ரூபாய்ச் செய்தி

இனி, என்ன எழுதுவது? இதற்கு இந்தியாவில் நடந்த ஒரு பெரிய காரியத்தை உங்களுக்குச் சொல்லவேண்டும்.

பெரியம்மை என்ற நோயை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். தாத்தா பாட்டிகளில் சிலர் முகத்தில் குழிக்குழியாக உள்ள தழும்பு அதன் அடையாளம். 1974-இல் பீகார் மாநிலத்தில் அது கொள்ளைநோயாகப் பரவியது. ஒழிக்கும் வழி தெரிந்திருந்தது: நோயாளி எங்கே இருக்கிறார் என்று உடனே கண்டுபிடித்து, சுற்றியுள்ளவர்களுக்கு அம்மை குத்திவிட்டால் நோய் அங்கேயே நின்றுபோகும். ஆனால் கோடிக்கணக்கான வீடுகளில் எந்த வீட்டில் நோய் இருக்கிறது என்று எப்படி அறிவது?

சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். அவர்கள் கையில் ஓர் அட்டை இருந்தது. அதில் உடம்பெங்கும் பெரியம்மைக் கொப்புளம் கண்ட ஒரு குழந்தையின் படம். "இதுபோல யாருக்காவது கண்டிருக்கிறதா?" என்பதுதான் கேள்வி. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! நம் ஊரிலேயே 'அம்மை' என்று பொதுவாகச் சொன்னால் பெரியம்மையா, சின்னம்மையா, தட்டம்மையா என்று தெரியாது. ஒவ்வொரு மொழியிலும் இந்தக் குழப்பம் உண்டு. படத்துக்குக் குழப்பம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பதில் சொன்னார். சந்தைகளிலும் பள்ளிகளிலும் அந்தப் படத்தைக் காட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் நல்ல துப்பாளிகள். எந்தத் தெருவில் எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று அவர்களுக்குத் தெரியாதா?

அத்துடன், நோயாளி இருக்கும் இடத்தை முதலில் தெரிவிப்பவருக்குப் பரிசு என்று சுவர்களிலும் தாள்களிலும் அறிவித்தார்கள். நோய் குறையக் குறையப் பரிசுத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 1975-இல் அது ஆயிரம் ரூபாய். அந்தக் காலத்தில் பெரிய தொகை. 1975 மே மாதத்தில் அஸ்ஸாமின் கரீம்கஞ்சில் கண்டறிந்த ஒரு பெண்தான் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி. 1977-இல் இந்தியா பெரியம்மை நீங்கிய நாடு என்று சர்வதேசக் குழு சான்று அளித்தது. 1980 மே மாதத்தில் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். தடுப்பூசியும் ஆயிரக்கணக்கான பணியாளர்களின் உழைப்பும்தான் அதைச் சாதித்தன. சுவரில் எழுதிய எழுத்து சாதித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நோயாளி இருக்கும் இடத்துக்குப் பணியாளரைக் கொண்டு சேர்த்ததில் அந்தப் படத்துக்கும் அந்தப் பரிசுச் செய்திக்கும் பங்கு உண்டு.

அந்தச் செய்தியில் எது இல்லை என்று கவனித்தீர்களா? பெரியம்மை ஒரு வைரஸால் வருகிறது, அது காற்றின் வழியே பரவுகிறது, அதன் வரலாறு இன்னது... இவற்றுக்கு அங்கே வேலை இல்லை. இப்படி ஒருவரைப் பார்த்தால் இங்கே வந்து சொல், இவ்வளவு பணம். பார்ப்பவர் செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்று. இன்னொரு விஷயம்: எத்தனை பேருக்குப் பரிசுச் செய்தி தெரிந்திருக்கிறது என்று மக்களிடம் போய்க் கேட்டும் சோதித்தார்கள். ஒட்டினோம், கடமை முடிந்தது என்று இருந்துவிடவில்லை.

சிவப்பு முக்கோணத்தையும் சொல்லவேண்டும். 1960-களின் பிற்பகுதியில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அடையாளமாக வந்தது. தலைகீழான ஒரு சிவப்பு முக்கோணம், அவ்வளவுதான். எந்தக் கிராமத்துப் பெயிண்டரும் அளவுகோல் ஒன்றை வைத்துக்கொண்டு எந்தச் சுவரிலும் வரைந்துவிடலாம். "நாம் இருவர், நமக்கு இருவர்" என்ற நான்கு சொற்கள் அதனோடு சேர்ந்து ஊர் ஊராகப் போயின. ஆனால் நல்ல அடையாளமும் கெட்டுப்போகும். 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலத்தில் வட மாநிலங்கள் பலவற்றில் மக்களைக் கட்டாயப்படுத்தி அறுவை செய்தார்கள். எந்த முக்கோணம் அழைத்ததோ, அதே முக்கோணம் அச்சுறுத்தியது. சுவரில் எழுதியிருப்பதை மக்கள் நம்புவது எழுத்தின் அழகைப் பார்த்தல்ல, அதன் பின்னால் நிற்பவர்கள் நடந்துகொள்வதைப் பார்த்து.

'ஆதே' எங்கே போயிற்று?

நம் மூவரிடம் திரும்புவோம். "சுவரொட்டியைப் பார்த்தவர் என்ன செய்யவேண்டும் என்று விரும்புகிறீர்கள்? ஒரே வரியில் சொல்லுங்கள்" என்றேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். "கயிறு கட்டாதீர்கள்", "பிளேடால் கீறாதீர்கள்", "வாயால் உறிஞ்சாதீர்கள்."

மூன்றும் உண்மை. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கை கால் கெட்டுப்போகலாம். விரியன் இனத்தின் நஞ்சு தசையை அழிக்கக்கூடியது. கட்டினால் அது ஒரே இடத்தில் தேங்கி இன்னும் கெடுதல் செய்யும். கண்ணாடி விரியனின் நஞ்சு ரத்தத்தை உறையவிடாது. கீறினால் ரத்தம் நிற்காமல் ஒழுகும். உறிஞ்சுவதால் வெளியே வரும் நஞ்சு அற்ப அளவே.

ஆனால் இந்த மூன்று வாக்கியங்களிலும் தமிழுக்கே உரிய ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 'கட்டாதீர்கள்' என்ற சொல்லைப் பாருங்கள். முதலில் வருவது 'கட்டு'. வேண்டாம் என்ற பொருள் சொல்லின் நடுவிலோ கடைசியிலோ ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்திக்காரர் வினைச்சொல்லுக்கு முன்னாலேயே 'மத்' என்று தனியாகச் சொல்லித் தடுத்துவிடுவார். நாம் கடைசி வரை காத்திருக்கவேண்டும். நடந்துகொண்டே பார்ப்பவர் கண்ணில் விழுவது கட்டு, கீறு, உறிஞ்சு! பழைய பழக்கமும் அதுதானே? பார்த்தவர் தமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் சுவரிலும் படித்துவிட்டுப் போவார். ஆயாவுக்கு நேர்ந்தது இதுதான். படத்தில் கயிறு இருந்தது, 'தவறு' என்ற சொல் கடுகளவில் இருந்தது.

ஆகவே செய்யக்கூடாததைப் படமாக வரையாதீர்கள். (பார்த்தீர்களா, நானே ஒரு 'ஆதீர்கள்' போட்டுவிட்டேன்! செய்யவேண்டியதை மட்டும் வரையுங்கள் என்று படியுங்கள்.) எதைச் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டால், கைகள் அதைச் செய்வதில் மும்முரமாகிவிடும், கயிறு தேட நேரம் இருக்காது. தடை சொல்லியே தீரவேண்டும் என்றால் ஒன்றே ஒன்றைச் சொல்லி, அதன் மேல் கண்ணைப் பறிக்கும் அளவில் ஒரு பெருக்கல் குறி போடவேண்டும்.

சரி, செய்யவேண்டியது என்ன? கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தால் செய்வதுபோலக் குச்சி வைத்து, துணியால் தளர்வாகச் சுற்றி, அசையாமல் வைப்பது. மெட்டி, கொலுசு, மோதிரம் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிடுவது. தைரியம் சொல்வது. தாமதிக்காமல் நஞ்சுமுறி மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பது. பாம்பைத் துரத்திப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. நம் நாட்டு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்தே தயாரானது. (செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்புகளைப் பிடித்து நஞ்செடுத்து மருந்து நிறுவனங்களுக்கு அனுப்பிவருகிறது. அது தனிக் கட்டுரைக்கு உரிய கதை.)

இவ்வளவும் எட்டுச் சொல்லில் அடங்குமா? அடங்காது. எதைக் கழிப்பது என்பதில்தான் சண்டை வந்தது. கொலுசைக் கழிக்க ஒருவனுக்கு மனம் வரவில்லை. அது முக்கியமில்லை என்பதல்ல, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் செய்யலாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பாவிட்டால் மற்ற எதைச் செய்தும் பயன் இல்லை. கடைசியில் கொலுசு போயிற்று.

முதல் வரைவு இப்படி வந்தது: "பாம்பு கடித்ததா? ஆஸ்பத்திரிக்கு ஓடு!" துடிப்பான வாசகம். மூவரும் கைதட்டிக்கொண்டார்கள். "யார் ஓடுவது?" என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. கடிபட்டவர் ஓடினால் தசைகள் இயங்கி நஞ்சு விரைவாகப் பரவும். ஒரு சொல் உயிரை வாங்கிவிடும்! 'ஓடு' போய் 'தூக்கிப் போ' வந்தது. அந்தச் சொல்லில் இன்னொருவர் உதவவேண்டும் என்பதும் சேர்ந்துவிட்டது. 'மருத்துவமனை' என்றுதான் முதலில் எழுதினார்கள். ஆயா என்ன சொல்வார் என்று கேட்டேன். "பெரிய ஆஸ்பத்திரி" என்றான் பேரன். சுவரொட்டியில் தமிழ் வளர்க்கலாம், ஆனால் பாம்புக்கடிச் சுவரொட்டியில் வேண்டாம் என்பது என் கட்சி. தமிழாசிரியர்கள் மன்னிக்கவேண்டும்.

படத்துக்கும் விவாதம். மோட்டார் சைக்கிளில் இருவர் நடுவே கடிபட்டவரை உட்காரவைத்துக் கொண்டு போவதுதான் இப்போது கிராமங்களில் நடப்பது, அதையே வரையலாம் என்றான் ஒருவன். கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து இருவர் 108 வண்டிக்குத் தூக்கிப்போவதை வரையலாம் என்றான் மற்றவன். அசையாமல் இருக்கவேண்டும் என்பது கட்டில் படத்தில் ஒரு சொல்கூட இல்லாமல் விளங்கியது, அதுவே வென்றது. காலோடு சேர்ந்த இரண்டு குச்சிகளையும் அளவுக்கு மீறிப் பெரிதாக வரையச் சொன்னேன். சுவரொட்டியில் முக்கியமானது பெரிதாக இருக்கவேண்டும். இயற்கை அளவு பற்றிக் கவலை இல்லை.

நிறமும் பசையும்

பழைய சுவரொட்டியில் பச்சைத் தாளில் சிவப்பு எழுத்து. பகலில் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் சிவப்பும் பச்சையும் நிறத்தில் வேறானாலும் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட ஒன்று. இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாத கண்கள் ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்கு உண்டு. அவர்களுக்கு அது வெறும் தாள். கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள், எழுத்து மங்கினால் நிறத்தை மாற்றுங்கள்.

அந்தி நேரத்தில் இன்னொரு வேடிக்கை. வெளிச்சம் குறையும்போது நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் ஓய்ந்து, கோல் செல்கள் வேலையை ஏற்கின்றன. கோல் செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. ஆகவே சிவப்பு எழுத்து கறுத்துப்போகும். நீலமும் பச்சையும் ஒப்பில் வெளிறித் தெரியும். செக் நாட்டு விஞ்ஞானி புர்க்கின்யே 19-ஆம் நூற்றாண்டிலேயே பூக்களில் இதைக் கவனித்தார். மாலையில் ஒரு செம்பருத்தியையும் அதன் இலையையும் பார்த்தால் நீங்களும் காணலாம். பாம்பு வெளியே வரும் நேரமும், தோப்பிலிருந்து ஆட்கள் திரும்பும் நேரமும் அந்தி அல்லவா? மஞ்சள் தாள், கறுப்பு எழுத்து என்று முடிவு செய்தோம். சிவப்பை 108 என்ற எண்ணைச் சுற்றி ஒரு வளையத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

பசை பற்றி ஒரு சொல். ஒரு பங்கு மைதாவை ஏழெட்டுப் பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சினால், சூடு 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்போது மாவுப் பொருள் நீரை உறிஞ்சிப் பருத்துக் கூழாகும். அதுவே பசை. பூஞ்சை பிடிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பவர்கள் உண்டு. நீங்கள் சேர்க்கவேண்டாம், அது நஞ்சு, சுவரொட்டியை மாடு தின்னும். யாருடைய சுவரோ அவரிடம் கேட்டு ஒட்டுங்கள். கேட்காமல் பொது இடங்களில் ஒட்டுவதைத் தடுக்க 1959-லேயே நம் மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. 'விளம்பரம் செய்யாதீர்' என்று எந்தச் சுவரொட்டியைவிடவும் பெரிய எழுத்தில் எழுதிய சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழேயே நாலு சுவரொட்டி இருக்கும். அங்கேயும் 'ஆதீர்' கடைசியில்தான் வருகிறது!

ஐந்து நொடிச் சோதனை

புதிய சுவரொட்டி தயாரானதும் ஒட்டிவிட அவசரப்பட்டார்கள். பொறுங்கள் என்றேன். ஒரு துணியால் அதை மூடி, அதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரைப் பத்தடி தள்ளி நிறுத்தி, ஐந்து நொடி திறந்து காட்டி மூடவேண்டும். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்கக்கூடாது; எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "உங்கள் வீட்டில் யாரையாவது பாம்பு கடித்தால் இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்கவேண்டும். பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளவேண்டும். ஒருவர் தவறாகச் சொன்னால் அவர் கவனக்குறைவு. மூவர் ஒரே மாதிரி தவறாகச் சொன்னால் சுவரொட்டியின் குறை.

காவலாளி, சத்துணவு அம்மா, ஆறாம் வகுப்புச் சிறுமி இருவர், கடைசியாக ஆயா. நான்கு பேர் "அசையாம தூக்கிட்டுப் போவணும், 108-க்குப் போன் பண்ணணும்" என்றார்கள். ஆயாவும் அதையே சொல்லிவிட்டு, "எந்த ஆஸ்பத்திரிக்குத் தம்பி? மருந்து இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டா?" என்றார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சுவரொட்டியின் அடியில் மூன்று செ.மீ. எழுத்தில் ஒரு வரிக்கு இடம் மீந்திருந்தது. கேள்விப்பட்ட பெயரை எழுதிவிடலாம் என்றான் ஒருவன். கூடாது, நஞ்சுமுறி மருந்து எங்கே எப்போதும் இருப்பில் இருக்கிறது, இரவில் டாக்டர் இருப்பாரா என்று நேரில் போய்க் கேட்டு எழுதவேண்டிய வரி அது. இடத்தை அப்படியே காலியாக விட்டு, பென்சிலால் ஒரு கோடு மட்டும் இழுத்தார்கள். சனிக்கிழமை காலை இருவர் சைக்கிளில் கிளம்பினார்கள். மூன்றாமவன் பேருந்து நிறுத்தச் சுவரின் சொந்தக்காரரைப் பார்க்கப் போனான்.